கையைக் காட்டு

என் மகளுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டு மூத்திரம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கிட்னி போய்விடும். இதை டாக்டர் சொன்னபோது அவளுக்கு ஐந்து வயது. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"பை நெறஞ்சா வெளிய வழியறது மட்டும் இல்லம்மா. மேலயும் ஏறும். ஏறி ஏறி ரெண்டு கிட்னியையும் கெடுத்துடும். புள்ளைக்குத் தெரியாது. வலிக்காது. தெரியுறப்ப லேட்டாயிடும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது.

பிறக்கும்போதே அவள் முதுகின் கீழே ஒரு கொப்புளம் இருந்தது. முதுகெலும்பு அந்த இடத்தில் மூடவில்லை. நரம்பு வெளியே வந்திருந்தது. மறுநாளே அறுத்து உள்ளே வைத்துத் தைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். கணுக்காலுக்குக் கீழே பலம் இல்லை. பிளாஸ்டிக் பட்டை மாட்டித்தான் நடப்பாள். மூத்திரப் பைக்குப் போகிற நரம்பும் வேலை செய்யவில்லை. நிரம்பியதும் தெரியாது. வழிவதும் தெரியாது.

இது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதற்கு முன்னால் நான் அடித்தேன்.

மூன்று வயதில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் டையப்பரை விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். நான் அவர்களிடம் கேட்டது காலைப் பற்றி மட்டும்தான். நடப்பாளா, நடக்கமாட்டாளா. மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. காலில்தானே குறை, மூத்திரத்துக்கு என்ன கேடு என்று நினைத்தேன்.

"ஏன்டி சொல்லல?"

"தெரியலம்மா."

"ஈரமாக் கெடக்கு. அதுகூடத் தெரியலயா?"

"தெரியலம்மா."

கதவுக்குப் பின்னால் ரோத்தான் பிரம்பு தொங்கும். அதை எடுப்பேன். பாதத்தில் அடித்தால் அவளுக்கு வலிக்காது. அதையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வலிக்கிற இடம் பார்த்து அடிப்பேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எங்கள் வீட்டில் எல்லாரும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். என் அம்மா கையில் எது இருக்கிறதோ அதால் அடிப்பாள். கரண்டி, செருப்பு, ஒரு தடவை தேங்காய்த் துருவி. நெற்றியில் இன்னும் தழும்பு இருக்கிறது. அதனால்தான் நான் அடித்தேன் என்று சொல்லவரவில்லை. எனக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

என் கணவர் அடிக்கமாட்டார். பஸ் ஓட்டுகிறவர். நான் பிரம்பை எடுத்தால் வெளியே நடைபாதைக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சத்தம் ஓய்ந்ததும் உள்ளே வருவார்.

"விடு லா. சின்னப் புள்ள."

"தினம் தினம் நீங்களா தொவைக்கிறீங்க?"

ஈரத் துணியை வாளியில் போட்டுக் குளியலறைக்கு எடுத்துப்போவார். உண்மையில் அவர்தான் துவைத்தார்.

குழாய் விடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தமிழ் நர்ஸ். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். பொம்மையை வைத்துக் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் குழாய். எவ்வளவு உள்ளே போக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், எப்படி மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். இரண்டு தடவை காட்டினார். மூன்றாவது தடவை என்னைச் செய்யச் சொன்னார். செய்தேன். கை வேலை எனக்குச் சீக்கிரம் வரும்.

"கைய சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்க. நகம் வளக்காதீங்க. அது போதும்."

"கிளவுஸ்?"

"வேணாம்மா. வீட்டுல வேணாம். உங்க புள்ள, உங்க கை. கழுவுன வெறும் கை போதும்."

அதைச் சொன்ன மிஸ்ஸியின் கையில் கிளவுஸ் இருந்தது. நீல நிறம். எங்கள் கம்பெனியில் ஓடுவது வெள்ளை. நிறம் வேறாக இருக்கிறதே என்று பார்த்தேன். ஏன் வேறு என்று கேட்கவில்லை.

அப்போது எனக்குப் புக்கிட் தெங்காவில் கிளவுஸ் கம்பெனியில் வேலை. குழாய் விட ஆரம்பித்த பிறகு அரை நாள் ஷிப்டுக்கு மாறியிருந்தேன். ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட் வாசலுக்கே கம்பெனி பஸ் வரும். பாலம் தாண்டிப் போவோம். பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாக வரும். ரப்பர்ப் பாலில் முங்கும். அடுப்புக்குள் போகும். வெளியே வந்ததும் ஆட்கள் உரித்து எடுப்பார்கள். நான் இருந்தது சோதிக்கிற இடத்தில். கிளவுஸில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவேன். மாட்டு மடி மாதிரி தொங்கும். இரண்டு நிமிடம் பார்ப்பேன். சொட்டினால் ரிஜெக்ட்.

பெட்டியின் மேல் வெள்ளைக்கார டாக்டர் படம் இருக்கும். சிரித்துக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டுவார். நாங்கள் செய்கிற கிளவுஸ் எந்தெந்த நாட்டு ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகிறது என்று சூப்பர்வைசர் பெருமையாகச் சொல்வார். பதினொரு வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம் வந்து வெறும் கை போதும் என்கிறார் மிஸ்ஸி. ஏழைப் பிள்ளை என்றால் இது போதும் போலிருக்கிறது என்று நினைத்தேன். பணக்காரப் பிள்ளைக்கு இப்படிச் சொல்வாரா. எனக்குக் கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் கிளவுஸ் செய்து அனுப்புகிறேன், என் பிள்ளைக்கு வெறும் கையா.

ஓரம் சுருண்டதற்காக ஒதுக்கியது, நிறம் மங்கியதற்காக ஒதுக்கியது, இப்படி ஓட்டை இல்லாததாகப் பொறுக்கினேன். வெளியே எடுத்துப்போகக் கூடாது. வாசலில் செக்யூரிட்டி கார்டு பையைத் திறந்து பார்ப்பார். குழம்பு டப்பாவைத் திறக்கமாட்டார். டப்பாவைக் கழுவித் துடைத்து அதற்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் ஒவ்வொன்றையும் மறுபடி ஊதிப் பார்த்தேன். உள்ளே இருந்த வெள்ளைப் பவுடர் பறந்து முகத்தில் படியும். துடைத்துக்கொள்வேன்.

முதல் வாரம் மகள் அழுதாள். எந்தப் பிள்ளையும் அழும். ஒரு மாதத்தில் பழகும் என்றார்கள். பழகவில்லை. அழுகை கூடியது. நான் கிளவுஸை இழுத்து மாட்டுகிற சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். பட்டை மாட்டிய காலைப் பிடித்து இழுப்பேன். சிமெண்டுத் தரையில் அவள் முகவாய் உரசிக்கொண்டு வரும். கட்டிலில் தூக்கிப் போட்டு அசையவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் குழாயை எடுப்பேன்.

"எரியுதும்மா! எரியுது!"

"கீழ உனக்கு உணர்ச்சியே இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நடிக்காத."

வயிற்றிலும் தொடையிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. பார்த்தேன். முந்தாநாள் விழுந்த பிரம்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் கடித்தாள். கிளவுஸோடு சேர்த்து என் கட்டைவிரலைக் கடித்தாள். விடவில்லை. நான் மற்றக் கையால் அறைந்தேன். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கியது. என் கணவர் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இப்படியா அடிப்ப?"

அறைந்ததால் வீங்கியது என்று அவரும் நினைத்தார். நானும் நினைத்தேன். கிளவுஸ் போட்ட அந்த ஏழு மாதமும் இப்படித்தான். அவள் உடம்பில் எது வந்தாலும் அதற்கு முன்னால் என் அடி இருந்தது. நான் அடிக்காதவளாக இருந்திருந்தால் இது எதனால் வருகிறது என்று யாராவது யோசித்திருப்பார்கள்.

எங்கள் பிளாட்டில் பத்தாவது மாடியில் ஒருத்தி இருந்தாள். ஒரு சாயங்காலம் லிப்டில் நானும் மகளும் ஏறியதும் மூக்கைப் பொத்தினாள். பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

"யாரோ வீட்டுப் பூனைய லிப்டுல ஏத்துறாங்க போல அக்கா. ஒரே மூத்திர நாத்தம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். என் மற்றக் கையில் பசார் பை இருந்தது. உருளைக்கிழங்கு, இரண்டு டின் மீன். பையை வீசினேன். பத்தாவது மாடிக்காரி மூக்கில் பட்டது. உட்கார்ந்துவிட்டாள். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தேன். லிப்ட் கதவு திறக்கும்வரை அடித்தேன். என் சட்டையில் அவள் ரத்தம் இருந்தது.

அவள் அண்ணன் வந்து எங்கள் கதவை உதைத்தான். கீழ்க் கீல் பிடுங்கிக்கொண்டது. என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டு அவனை அனுப்பிவைத்தார். போலீஸுக்குப் போவேன் என்றார்கள். போகவில்லை.

அன்றைக்கு மகளையும் அடித்தேன். இவளால்தானே எல்லாம்.

"அந்த ஆன்ட்டிய அடிச்ச. சரி. என்ன ஏன் அடிக்கிற?"



அந்த வருஷத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். இவளுக்கு மூத்திரம் வழிவது நிற்க வேண்டும் என்று வேண்டுதல். வீட்டில் எல்லாரும் விரதம். மீன், கறி எதுவும் உள்ளே வரவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயில் படி முழுக்க நான் குடத்தோடு ஏறினேன். அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். பால் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இறங்கி வந்து ஜாலானில், ரோட்டோரப் பந்தல்களுக்கு நடுவே நடந்தோம். அவர் அவளுக்கு ஒரு பலூன் வாங்கிக் கொடுத்தார். முருகன் மயில் போட்ட மஞ்சள் பலூன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முத்தம் கொடுத்தாள். முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டே வந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்த்தால் உதடு இரண்டும் உப்பிக் கிடந்தது. கண்ணும் சுருங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்து உதடு இப்படி வீங்குவது இறால் சேராதவர்களுக்கு. பக்கத்து வீட்டில் எப்போதும் கெரோபோக், அதான் இறால் அப்பளம், பொரிப்பார்கள்.

"கெரோபோக் தின்னியாடி?"

"இல்லம்மா."

"வெரதத்துல தின்னியா? சொல்லு."

"இல்லம்மா. பலூன்தான்."

பலூன்தான் என்று அவள் சொன்னாள். அவள் வாயாலேயே சொன்னாள். எனக்கு அது ஏறவில்லை. வேண்டுதல் கெட்டுப்போய்விட்டது என்பதுதான் எனக்கு ஏறியது. பலூனைப் பிடுங்கிக் காலால் மிதித்தேன். வெடித்தது. முதுகில் வைத்தேன் ஒன்று. ஆபரேஷன் செய்த முதுகு. பந்தலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னம்மா இது? மஞ்சத் துணியக்கூட இன்னும் அவுக்கல. புள்ளையப் போட்டு இந்த அடி அடிக்கிற!"

"ஒங்க மோரப் போய்ப் பாருங்க."

பலூன் போய்விட்டதால் வீக்கம் இறங்கியது. நான் அடித்ததால் உண்மை வெளிவந்து இறங்கியது என்று நினைத்தேன். இப்படியும் ஒருத்தி நினைப்பாளா என்றால், நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலை முடிந்து வந்து அவளைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தும்முவாள். கண்ணைக் கசக்குவாள். என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவாள். அவருடைய பஸ் வேர்வைச் சட்டையில் மட்டும் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். என்மேல் வெறுப்பு என்று விட்டுவிட்டேன். தூக்குவதையும் குறைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். மதியம் வந்து சேரும்போது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவருக்கு அன்றைக்கு லீவு. ஆனால் குழாய் விட அவருக்குப் பயம். அதுவரை விட்டதே இல்லை. நான் யூனிபாரமைக்கூட மாற்றவில்லை. டப்பாவிலிருந்து புது ஜோடியை எடுத்து மாட்டினேன். உதைத்தாள், கத்தினாள். அவர் எப்போதும் போல வெளியே போய்விட்டார்.

பிறகு அவள் உதைப்பதை நிறுத்தினாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். குழாயைப் போட்டேன். கிண்ணத்தில் மூத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே இன்னொரு சத்தம். விசில் மாதிரி. அவள் நெஞ்சிலிருந்து வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. கண் கோடாகிவிட்டது. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

முன்பு இரண்டு மூன்று தடவை அடம் பிடித்து மூச்சை அடக்கியிருக்கிறாள். முதுகில் ஒன்று வைத்தால் விட்டுவிடுவாள். அதுதான் என்று நினைத்தேன்.

"மூச்ச விடுடி!"

அறைந்தேன்.

"விடுடி சனியனே! யாருகிட்ட காட்டுற?"

மறுபடி அறைந்தேன். மறுபடி. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நான் அறைந்துகொண்டே இருந்தேன். கையில் கிளவுஸ்.

அவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. என் வாயில் குத்தினார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அலமாரியில் போய் மோதினேன். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. அவர் பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினார். லிப்ட் பழுது. ஆறு மாடியும் படியில் இறங்கினார். நான் பல்லைத் துப்பிவிட்டுப் பின்னால் ஓடினேன்.

மோட்டார் சைக்கிளில் அவளை நடுவில் வைத்தோம். தலை நிற்கவில்லை. நான் பின்னாலிருந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் பிடித்துக்கொண்டே போனேன். கிளவுஸைக் கழற்றவில்லை. அது கையில் இருப்பதே நினைவில்லை.

எமர்ஜென்சியில் ஒரு சின்ன வயது டாக்டர். மலாய்க்காரப் பெண். மகளை வாங்கிக் கட்டிலில் போட்டார். என் கையைப் பார்த்தார். கத்தினார். என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். எனக்குப் புரிவதற்குள் கார்டு என்னைக் கதவுக்கு வெளியே இழுத்துவிட்டார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொடையில் ஊசி குத்தினார்கள். அவ்வளவு பெரிய குத்து. இன்னொன்று. முகத்தில் மூடி போட்டார்கள். பிறகு ஆட்கள் மறைத்துக்கொண்டார்கள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளவுஸை அப்போதுதான் உரித்தேன். சதைபோல ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த டாக்டர் வெளியே வந்து மலாயில் பேசினார். பிழைத்துவிட்டாள் என்றார். இன்னும் பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் இல்லை என்றார். ரப்பர் அவளுக்கு ஆகாது. முதுகுத்தண்டு இப்படித் திறந்து பிறக்கிற பிள்ளைகளுக்கு இது நிறைய வரும். பிறந்த நாளிலிருந்து ஆபரேஷன், ஆஸ்பத்திரி, ரப்பர் பட்டுப் பட்டு உடம்பு அதை எதிரியாக நினைக்கத் தொடங்கிவிடும். பலூன் தொட்டால் வீங்குமா என்று கேட்டார். வீங்கும் என்றேன். எத்தனை மாதமாகக் கிளவுஸ் என்று கேட்டார். ஏழு என்றேன். எங்கே வேலை என்று கேட்டார். நான் சட்டையில் இருந்த கம்பெனிப் பேரைக் காட்டினேன்.

அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"இந்தச் சட்டையோட உள்ள போகாதீங்க. பவுடர்லகூட ரப்பர் இருக்கு."

அப்போதுதான் தும்மல் நினைவுக்கு வந்தது. என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது நினைவுக்கு வந்தது.

பிள்ளையின் கன்னத்தில் விரல் தடம் இருக்கிறதே, யார் என்று கேட்டார். நான் என்றேன். உங்கள் வாய் என்றார். அவர் என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு சமூக நலத்திலிருந்து ஆள் வந்தார். வீட்டுக்கும் மூன்று தடவை வந்தார். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன்.

மிஸ்ஸி வார்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். கையில் அதே நீலக் கிளவுஸ், ரப்பர்ப் பாலில் செய்யாதது.

"வெறும் கைன்னுதானம்மா சொன்னேன்."

"ஆமா மிஸ்ஸி."

"ரப்பர் பத்தியும் சொன்னேன்."

"சொல்லியிருப்பீங்க."

என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் ரப்பர் என்று எதெல்லாம் இருந்ததோ அதையெல்லாம் பிடுங்கினார். செருப்பு, கால் மிதியடி, வெந்நீர்ப் பை, மசாலாப் பாக்கெட்டில் போடுகிற ரப்பர் பேண்ட். பிள்ளையின் சட்டையில் இருந்த எலாஸ்டிக்கைக் கத்தியால் அறுத்து உருவினார். என் யூனிபாரம் நான்கையும் கீழே எடுத்துப்போய் டின்னில் போட்டு எரித்தார். நான் மாடியிலிருந்து பார்த்தேன். மறுநாள் கம்பெனிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. ஜெலுத்தோங் மார்க்கெட்டில் சீனர் ஒருவரின் மீன் கடையில் மீன் வெட்டப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அவளை அடிக்கவில்லை. ஆனால் அவள் என் கையைக் கிட்டே விடமாட்டேன் என்றாள். நான் பக்கத்தில் போனாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்துவாள். சாப்பாட்டை நான் ஊட்டினால் வாந்தி எடுப்பாள். அவர் பயத்தை விட்டுவிட்டுக் குழாய் விடக் கற்றுக்கொண்டார். காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் ஒரு தடவை. சாயங்காலம் வந்து ஒரு தடவை. இடையில் பத்து மணி நேரம்.

பத்து மணி நேரம் அந்தப் பை தாங்காது. இரண்டு மாதத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. வார்டு, டிரிப். ஸ்கேன் எடுத்தார்கள். இடது கிட்னி சுருங்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். மிச்சம் வலதுதான்.

"பகல்ல யாராவது ஒருத்தர் செஞ்சே ஆகணும்மா."

யாராவது என்றால் நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள். நான் மார்க்கெட்டிலிருந்து மதியம் வந்தேன். கையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவினேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். குழாயும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"கையைக் காட்டு."

காட்டினேன்.

"திருப்பு."

திருப்பினேன்.

"கிட்ட கொண்டா."

மோந்து பார்த்தாள்.

"மீன் நாத்தம்."

"ரப்பர் நாத்தம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப செய்யவா?"

"வராத."

நான் தரையில் உட்கார்ந்தேன். அமுக்கிப் பிடித்தால் ஒரு நிமிட வேலை. என் கைக்கு அது தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரம் தாண்டிவிட்டது.

"இன்னொரு கிட்னியும் போயிடும்டி."

"போகட்டும்."

"போனா நீ செத்துருவ."

"அன்னிக்கே செத்துருப்பேன்ல."

ஆறரை வயதுப் பிள்ளை சொன்னது இது. பிறகு கதவைப் பார்த்தாள்.

"அந்த ரோத்தான எடு."

எடுத்தேன்.

"குடு."

கொடுத்தேன்.

"கைய நீட்டு."

நீட்டினேன். அடித்தாள். கால் பலம் இல்லாத பிள்ளைக்குக் கையில் பலம் அதிகம். கட்டிலையும் நாற்காலியையும் பிடித்துப் பிடித்து ஏறி வளர்ந்த கை. உள்ளங்கையில் தோல் கிழிந்தது.

"கிளவுஸ் போட்டது எந்தக் கை?"

"ரெண்டும்."

"அதையும் நீட்டு."

நீட்டினேன். அடித்தாள். நான் கையை இழுக்கவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நடிக்காத."

அதே குரல். என் குரல். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு விழுந்த அடி. மற்றது கையோடு போய்விட்டது.

மூச்சு வாங்கும்வரை அடித்தாள். பிறகு பிரம்பை என் மேல் எறிந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் தொடவில்லை. திரும்பாமலே சொன்னாள்:

"மறுபடி கழுவிட்டு வா. ரத்தமா இருக்கு."

குளியலறையில் சோப்பு பட்டதும் கை எரிந்தது. கிழிந்த கையோடு செய்யலாமா என்று யோசித்தேன். இடது உள்ளங்கைதான் கிழிந்திருந்தது. வலது கை வீங்கியிருந்தது, கிழியவில்லை. இடதைத் துவைத்த துணியால் சுற்றிக்கொண்டேன். வலது கையை மறுபடி கழுவினேன்.

படுத்திருந்தாள். கண்ணை மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் செய்தேன். வெறும் கை. குழாய் இறங்கியது. நிறைய வந்தது. கிண்ணம் நிரம்பி இரண்டாவது கிண்ணம் எடுத்தேன்.

"எரியுதா?"

யோசித்தாள்.

"இல்ல."

மறுநாளும் கையைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். திருப்பச் சொன்னாள். மோந்து பார்த்தாள். ரோத்தானைக் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு ஓய்வு நேரத்துக்கு மார்க்கெட்டிலிருந்து ஓடுவேன். ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு கழிவறையைத் திறந்து கொடுத்தார்கள். அங்கேயும் முதலில் கைதான்.

அவளுக்கு எட்டு வயதானபோது மிஸ்ஸி ஒரு கண்ணாடியைக் கொடுத்துக் குழாய் விட அவளுக்கே சொல்லிக்கொடுத்தார். என்னை வெளியே நிற்கச் சொன்னாள். நின்றேன்.

இப்போது பதினாலு வயது. இடது கிட்னி அப்படியே சுருங்கிக் கிடக்கிறது. வலது வேலை செய்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்கேன். ரோத்தான் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. ஒரு தடவை நான் குப்பையில் போட எடுத்தேன்.

"அது என்னுது. வை," என்றாள்.

வைத்துவிட்டேன்.

மீன் கடை முதலாளி, தவுக்கே, அடிக்கடி கிளவுஸ் போடச் சொல்வார். மீன் செதில் கையை அறுக்கும், முள் ஏறும். வேண்டாம் என்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முன்னால் போய்க் கையை நீட்டுவேன். அவள் குழாயை நான் தொட்டுப் பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் நீட்டுவேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல் "போ, போ" என்பாள். சில நாள் பிடித்து மோந்து பார்ப்பாள்.

நேற்று பார்த்தாள்.

"கெம்போங் மீனா?"

"ஆமா."

"வறுத்துட்டியா?"

"இப்பத்தான வரேன்."

"சீக்கிரம் லா. பசிக்குது."

கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்து பட்டையைச் சரிசெய்துகொண்டு குளியலறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்து கை கழுவுகிற சத்தம் கேட்டது. நான் மீனை எடுத்து வெளியே வைத்தேன்.